ஜான் பிங்கம்: 14-வது திருத்தத்தை எழுதிய வழக்கறிஞர் உண்மையில் என்ன சொன்னார்?

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைக்கும் என்பது அங்கே நெடுநாள் நடைமுறை. அதை அந்த ஆணை இரண்டு வகைக் குழந்தைகளுக்கு மறுக்கிறது. தாய் சட்ட அனுமதி இல்லாமல் அங்கே தங்கியிருக்கிறார், தந்தையோ குடிமகனும் இல்லை, கிரீன் கார்டு வைத்திருப்பவரும் இல்லை என்றால் அந்தக் குழந்தை முதல் வகை. தாய் மாணவர் விசா, வேலை விசா போன்ற தற்காலிக அனுமதியில் இருக்கிறார், தந்தையின் நிலை மேலே சொன்னதுதான் என்றால் இரண்டாவது வகை. ஹெச்1பி விசாவில் போய், கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காகக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்த இரண்டாவது வகைக்குள் வருகின்றன. கீழ் நீதிமன்றங்கள் ஆணையைத் தடுத்து நிறுத்தின. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றது.

இந்த விவாதத்தில் 19-ஆம் நூற்றாண்டு வழக்கறிஞர் ஒருவரின் பெயர் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. ஒஹையோ மாநிலத்தின் ஜான் பிங்கம். ஆணையை ஆதரிப்பவர்கள் 1866-இல் அவர் பேசிய ஒரு வாக்கியத்தைக் காட்டி, "திருத்தத்தை எழுதியவரே வெளிநாட்டவரின் குழந்தைகளைச் சேர்க்கவில்லை" என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் அதே பிங்கமைச் சமத்துவத்தின் சிற்பி என்கிறார்கள். ஒரே மனிதரை இரண்டு பக்கமும் சாட்சிக்கு அழைத்தால் படிப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். அவர் எதை எழுதினார், எதை எழுதவில்லை, எந்தச் சூழலில் அந்த வாக்கியத்தைப் பேசினார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

## திருத்தத்தின் முதல் பிரிவில் என்ன இருக்கிறது?

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 14-வது திருத்தம் ஐந்து பிரிவுகள் கொண்டது. சண்டை முழுவதும் முதல் பிரிவைப் பற்றியது. அந்தப் பிரிவில் நான்கு கருத்துகள் உள்ளன:

1. அமெரிக்காவில் பிறந்து அல்லது பிறகு குடியுரிமை பெற்று, அதன் ஆட்சி அதிகாரத்துக்கு உட்பட்டிருக்கும் எல்லோரும் நாட்டின் குடிமக்கள். தாங்கள் வாழும் மாநிலத்தின் குடிமக்களும்கூட.
2. அமெரிக்கக் குடிமக்களின் தனியுரிமைகளையும் பாதுகாப்புகளையும் குறைக்கும் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றக் கூடாது.
3. உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த நபரின் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் எந்த மாநிலமும் பறிக்கக் கூடாது.
4. தன் ஆட்சி எல்லைக்குள் இருக்கும் எந்த நபருக்கும் சட்டங்களின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது.

முதல் கருத்து ஒரு தனி வாக்கியம். மற்ற மூன்றும் சேர்ந்து இரண்டாவது வாக்கியம். பிங்கம் எழுதியது இரண்டாவது வாக்கியத்தை. இன்று வழக்காடப்படும் முதல் வாக்கியத்தை முன்மொழிந்தவர் வேறொருவர், மிச்சிகன் மாநில செனட்டர் ஜேக்கப் ஹோவர்ட். செய்திகளில் பெரும்பாலும் விடுபடும் விவரம் இது. இரண்டு வாக்கியங்களும் ஒரே ஆண்டில், ஒரே தீர்மானத்துக்குள் வந்து சேர்ந்தவைதான். ஆனால் வெவ்வேறு கைகளில், வெவ்வேறு சிக்கல்களுக்குத் தீர்வாகப் பிறந்தவை.

## 1833-இல் திறந்த ஓட்டை

இரண்டாவது வாக்கியம் ஏன் தேவைப்பட்டது? அதற்கு பால்டிமோர் நகரத்துப் படகுத்துறை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜான் பாரன் என்பவருக்கு அங்கே ஒரு படகுத்துறை இருந்தது. நகராட்சி சாலைப் பணிகளுக்காக ஓடைகளைத் திருப்பியதால் மண் அடித்துவரப்பட்டு, துறையின் ஆழம் குறைந்தது. கப்பல்கள் அணைய முடியவில்லை. இழப்பீடு இல்லாமல் தனியார் சொத்தை எடுக்கக் கூடாது என்று அரசமைப்பின் ஐந்தாவது திருத்தம் சொல்கிறதே என்று அவர் வழக்குப் போட்டார். 1833-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேச்சுரிமை, மத உரிமை, நியாயமான விசாரணை உள்ளிட்ட உரிமைகளைப் பட்டியலிடும் முதல் பத்துத் திருத்தங்களும் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதன் விளைவு படகுத்துறையோடு நிற்கவில்லை. அடிமை முறை இருந்த தென்மாநிலங்கள் அடிமை ஒழிப்பு பற்றிய எழுத்துகளைத் தண்டனைக்குரியதாக்கின. தென் கரோலினா துறைமுகத்துக்கு வரும் வட மாநிலக் கப்பல்களில் கறுப்பின மாலுமிகள் இருந்தால், கப்பல் புறப்படும் வரை அவர்களைச் சிறையில் வைக்க அந்த மாநிலத்தில் சட்டம் இருந்தது. அதை நீதிமன்றத்தில் எதிர்க்க மாசசூசெட்ஸ் 1844-இல் சாமுவேல் ஹோர் என்ற வழக்கறிஞரைச் சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பியது. தென் கரோலினா சட்டமன்றம் அவரை வெளியேற்றத் தீர்மானம் போட்டது. வழக்குப் போடாமலே அவர் திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் மனிதர்களை எப்படி நடத்தினாலும் மத்திய அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற நிலை. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்றது.

பிங்கமின் அரசியல் வாழ்க்கையை ஒரே கேள்வியில் சொல்லிவிடலாம்: மாநில அரசு ஒரு மனிதனை நசுக்கும்போது அவன் யாரிடம் போவான்?

## கேடிஸ் ஊர் வழக்கறிஞர்

பிங்கம் 1815 ஜனவரி 21 அன்று பென்சில்வேனியாவின் மெர்சர் என்ற ஊரில் பிறந்தார். தந்தை தச்சர். 1827-இல் தாய் இறந்த பிறகு, சிறுவன் ஒஹையோ மாநிலத்தின் கேடிஸ் ஊரில் கடை நடத்திவந்த சித்தப்பா வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பிறகு ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் தொழில் பழகினார்.

அவரை உருவாக்கியது நியூ ஏதென்ஸ் என்ற சிற்றூரின் ஃபிராங்க்ளின் கல்லூரி. அடிமை ஒழிப்புக் கருத்து ஊறிய இடம் அது. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற டைட்டஸ் பாஸ்ஃபீல்ட் அங்கே அவரோடு படித்தார். இருவரும் நண்பர்களானார்கள், பிற்காலத்திலும் கடிதத் தொடர்பு நீடித்தது. 1830-களின் அமெரிக்காவில் வெள்ளை மாணவனும் முன்னாள் அடிமையும் ஒரே வகுப்பில் உட்கார்வது எவ்வளவு அபூர்வம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பிங்கமின் பிற்காலப் பேச்சுகளில் "நிறம் எதுவானாலும்" என்று வரும் இடங்களை வெறும் மேடை அலங்காரமாக என்னால் படிக்க முடியாததற்கு இந்த நட்பும் ஒரு காரணம்.

1840-இல் வழக்கறிஞரானார். கேடிஸில் தொழில், 1844-இல் திருமணம், பக்கத்து மாவட்டத்தில் சில ஆண்டுகள் அரசு வழக்கறிஞர் வேலை என்று அமைதியாகப் போன வாழ்க்கையை 1854-இன் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் திருப்பியது. புதிய பகுதிகளில் அடிமை முறையை அனுமதிக்கலாமா என்பதை அங்கே குடியேறியவர்களே முடிவு செய்யலாம் என்றது அந்தச் சட்டம். அதற்கு எதிராக வடக்கில் எழுந்த அலையில் பிங்கம் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். அப்புறம் புதிதாக உருவான குடியரசுக் கட்சியில் சேர்ந்தார்.

1859-இல் ஓரிகன் மாநிலமாகச் சேர விண்ணப்பித்தது. அங்கே அடிமை முறை கிடையாது. ஆனால் அதன் அரசமைப்பு, சுதந்திரமான கறுப்பின மக்கள் புதிதாக வந்து குடியேறவும், நிலம் வைத்திருக்கவும், ஒப்பந்தம் செய்யவும், வழக்குத் தொடுக்கவும் தடை போட்டது. பிங்கம் இதை எதிர்த்துப் பேசினார். வாக்குரிமை போன்ற அரசியல் உரிமைகள் இடத்துக்கு இடம் மாறலாம். ஆனால் உயிர், சுதந்திரம், உழைப்பின் பலன் ஆகியவை மனிதனாக இருப்பதாலேயே வரும் உரிமைகள், எந்த மாநிலமும் அவற்றில் கைவைக்க முடியாது என்பது அவர் வாதம். ஓரிகன் எப்படியோ சேர்ந்துவிட்டது. ஆனால் 14-வது திருத்தத்தின் கரு இந்த உரையிலேயே தெரிகிறது, அதுவும் உள்நாட்டுப் போர் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே.

## 1866: ஒரு வரைவு தோற்றது, இன்னொன்று வென்றது

1865 ஏப்ரலில் தென்மாநிலப் படைகளின் தோல்வியோடு போர் முடிவுக்கு வந்தது. ஆண்டு இறுதியில் 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் மிசிசிப்பி, தென் கரோலினா போன்ற மாநிலங்கள் உடனே "கறுப்பர் சட்டங்கள்" எனப்படும் சட்டங்களை இயற்றின. வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பின மனிதரை நாடோடி என்று கைது செய்யலாம், அபராதம் கட்டாவிட்டால் கூலிக்கு விடலாம். பெயர் மாறிய அடிமைத்தனம்தான் இது.

டிசம்பரில் நாடாளுமன்றம் 15 பேர் கொண்ட கூட்டுக்குழுவை அமைத்தது. ஆறு செனட்டர்கள், ஒன்பது பிரதிநிதிகள். பிங்கம் அதில் ஒருவர். அங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பிங்கமின் முதல் வரைவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருவதாக இருந்தது. குடிமக்களின் தனியுரிமைகளையும், எல்லா நபர்களுக்கும் உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவற்றில் சமமான பாதுகாப்பையும் உறுதிசெய்யத் தேவையான சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றலாம் என்றது அது. 1866 பிப்ரவரி கடைசியில் சபையில் விவாதம் நடந்தது. எதிர்ப்பு சொந்தக் கட்சியிலிருந்தே வந்தது. இரண்டு வாதங்கள் முக்கியமானவை:

1. நியூயார்க் உறுப்பினர் ராபர்ட் ஹேல், மாநிலங்களின் சட்டமியற்றும் வேலை முழுவதையும் நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ள இது வழி திறந்துவிடும் என்று பயந்தார்.
2. இன்னொரு நியூயார்க் உறுப்பினர் கைல்ஸ் ஹாட்ச்கிஸ் நேர் எதிர்த் திசையிலிருந்து கேட்டார்: உரிமையை நாடாளுமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டால், நாளை எதிரிகளின் பெரும்பான்மை வரும்போது அந்த உரிமை என்ன ஆகும்? அரசமைப்பிலேயே மாற்ற முடியாதபடி அதை எழுதிவிடலாமே?

வரைவு ஒத்திவைக்கப்பட்டது. பிங்கம் தோற்றுப்போனதாகத்தான் அன்று தெரிந்தது. ஆனால் ஹாட்ச்கிஸின் கேள்வியில் இருந்த உண்மை அவருக்குப் பிடிபட்டது. ஏப்ரலில் குழுவுக்கு அவர் கொண்டுவந்த புதிய வடிவம் "எந்த மாநிலமும்... கூடாது" என்ற கட்டளையாக இருந்தது. நேரடித் தடை அரசமைப்பிலேயே வந்துவிட்டது. அதை நிறைவேற்றும் அதிகாரம் ஐந்தாவது பிரிவில் நாடாளுமன்றத்துக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டது. இப்போது உரிமை இரண்டு தூண்களில் நிற்கிறது. நாடாளுமன்றம் தூங்கினாலும் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அடுத்த நூறு ஆண்டுகளின் உரிமை வழக்குகள் எல்லாம் நடக்க முடிந்ததற்கு இந்த மறுவரைவுதான் அடிப்படை. பிங்கமின் சட்டத் திறமைக்கு ஒரே ஒரு சான்று காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்: தன்னைத் தோற்கடித்த வாதத்தை எடுத்துத் தன் வரைவைப் பலப்படுத்திக்கொண்டார்.

மே 10 அன்று பிரதிநிதிகள் சபை 128-37 என்ற கணக்கில் இதை நிறைவேற்றியது. கவனிக்க வேண்டியது, அப்போது குடியுரிமை பற்றிய முதல் வாக்கியமே அதில் இல்லை.

## குடியுரிமை வாக்கியம் எங்கிருந்து வந்தது?

தீர்மானம் செனட்டுக்குப் போனது. மே 30 அன்று ஜேக்கப் ஹோவர்ட் அந்த வாக்கியத்தைச் சேர்க்க முன்மொழிந்தார். டிரெட் ஸ்காட் தீர்ப்பை நிரந்தரமாகப் புதைப்பது இதன் முதல் நோக்கம். "ஆட்சி அதிகாரத்துக்கு உட்பட்ட" என்ற சொற்கள் யாரை விலக்குகின்றன என்பதே இன்றைய வழக்கின் மையம். அன்றைய விவாதத்தில் தெளிவாகப் பேசப்பட்ட விலக்குகள் இரண்டு: வெளிநாட்டுத் தூதர்களின் குடும்பங்கள், தங்கள் இனக்குழு ஆட்சியின் கீழ் வாழ்ந்த பூர்வகுடி மக்கள். பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை 1924-இல் தனிச் சட்டத்தின் மூலம்தான் வந்தது.

ஹோவர்டின் பேச்சில் ஒரு வரி இன்றும் இழுபறியில் இருக்கிறது. தூதர்களின் குடும்பங்களைச் சேர்ந்த வெளிநாட்டவர், அந்நியர் இதில் வரமாட்டார்கள் என்ற பொருளில் அவர் பேசினார். "வெளிநாட்டவர், அந்நியர், தூதர் குடும்பத்தினர்" என மூன்று தனி வகைகளா, இல்லை தூதர் குடும்பத்தினர் என்ற ஒரே வகையைத்தான் விவரிக்கிறாரா என்று கேட்டால், வரியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாதிடலாம்.

ஆனால் அதே நாளில் அதைத் தொடர்ந்து நடந்த பேச்சு இதற்கு வெளிச்சம் தருகிறது. பென்சில்வேனியா செனட்டர் எட்கர் கோவன் எதிர்த்தார்: கலிபோர்னியாவில் பிறக்கும் சீனக் குழந்தை குடிமகனா, ஊர் ஊராகத் திரியும் ஜிப்சிகளின் குழந்தை குடிமகனா என்று கேட்டார். கலிபோர்னியா செனட்டர் ஜான் கான்னஸ் பதில் சொன்னார். அவரே அயர்லாந்தில் பிறந்து குடியேறியவர். ஆமாம், சீனப் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தைகளும் குடிமக்களே, அதை ஏற்றுத்தான் வாக்களிக்கிறோம் என்றார். எதிர்த்தவருக்கும் ஆதரித்தவருக்கும் வாக்கியத்தின் பொருளில் வேறுபாடு இல்லை. அது நல்லதா கெட்டதா என்பதில்தான் வேறுபாடு. என் பார்வையில் இந்த உரையாடலின் எடை ஹோவர்டின் ஒற்றை வரியைவிட அதிகம்.

செனட் 33-11 என்ற கணக்கில் நிறைவேற்றியது. ஜூன் 13 அன்று பிரதிநிதிகள் சபை 120-32 என்று மாற்றங்களை ஏற்றது. 1868 ஜூலையில் தேவையான மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்தது. பிங்கமின் சொந்த மாநிலமான ஒஹையோ, எதிர்க்கட்சி பெரும்பான்மை பெற்றதும் 1868 தொடக்கத்தில் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. மறுபடி ஒப்புதல் தந்தது 2003-இல்!

## சர்ச்சைக்குரிய வாக்கியமும் அதன் மறுபாதியும்

இனி பிங்கமின் பெயரில் சுற்றும் மேற்கோளுக்கு வருவோம். 1866 மார்ச் 9 அன்று பிரதிநிதிகள் சபையில் அவர் பேசியது அது. அந்நிய அரசு எதற்கும் விசுவாசக் கடமைப்படாத பெற்றோருக்கு அமெரிக்க ஆட்சி எல்லைக்குள் பிறக்கும் ஒவ்வொரு மனிதரும் பிறப்பால் குடிமகன் என்பது அதன் பொருள். மேற்கோள் உண்மையானதுதான். அதைப் பயன்படுத்தும் விதத்தில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

1. அந்த உரை 14-வது திருத்தத்தைப் பற்றியதே இல்லை. லைமன் டிரம்புல் என்ற செனட்டர் கொண்டுவந்த குடிமை உரிமைச் சட்ட மசோதாவைப் பற்றியது. அந்த மசோதாவில் "அந்நிய அரசுக்கு உட்படாத" என்ற சொற்கள் இருந்தன. பிங்கம் அதை ஒட்டிப் பேசினார். இரண்டரை மாதம் கழித்து ஹோவர்ட் எழுதிய வாக்கியத்தில் அந்தச் சொற்கள் இல்லை.
2. குடியுரிமை வாக்கியத்தை எழுதியவர் பிங்கம் இல்லை. எனவே "எழுதியவரே சொன்னார்" என்ற வாதம் நிற்காது.
3. அந்த உரையின் நோக்கம் வெளிநாட்டவரை விலக்குவதற்கு நேர் எதிரானது.

மூன்றாவதுதான் முக்கியம். பிங்கம் அன்று மசோதாவை எதிர்த்துப் பேசினார், பிறகு எதிர்த்தே வாக்களித்தார். காரணம் இரண்டு. அரசமைப்பைத் திருத்தாமல் மாநிலங்கள் மீது இப்படி ஒரு சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது ஒன்று. மசோதா குடிமக்களை மட்டும் பாதுகாக்கிறது, வெளிநாட்டவரை விட்டுவிடுகிறது என்பது இரண்டாவது. வெளிநாட்டவருக்கும் அந்நியருக்கும் எதிராக மாநிலங்கள் பாகுபாடு காட்ட விட்டுவிடப் போகிறீர்களா, இது மனசாட்சிக்கு ஒத்துவருமா என்று சபையைக் கேட்டார். அரசமைப்பின் ஐந்தாவது திருத்தம் "எந்த நபரும்" என்று சொல்கிறது, "எந்தக் குடிமகனும்" என்று சொல்லவில்லை என்று சுட்டிக்காட்டினார்.

அவர் எழுதிய இரண்டாவது வாக்கியத்தை இப்போது மறுபடி பாருங்கள். தனியுரிமைகள் பகுதி மட்டும் குடிமக்களுக்கு. சட்ட நடைமுறையும் சமப் பாதுகாப்பும் "எந்த நபருக்கும்". மார்ச்சில் மசோதாவில் அவர் கண்ட குறையை ஏப்ரலில் தன் வரைவில் தானே சரிசெய்தார். வந்தேறிகளுக்கு எதிரான சான்றாக அந்த உரையிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி எடுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

## அவரை மட்டுமே கொண்டாட முடியாத இடங்கள்

பிங்கமை மாசற்றவராகக் காட்டினால் அதுவும் பொய்யாகிவிடும்.

1865-இல் லிங்கன் கொலையில் சதிகாரர்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட எட்டுப் பேரைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தாமல் ராணுவ ஆணையத்தில் விசாரித்தார்கள். அரசுத் தரப்பில் வாதாடிய மூவரில் பிங்கம் ஒருவர். பொதுமக்களை ராணுவம் விசாரிக்கலாம் என்று நீண்ட வாதம் வைத்தவரும் அவரே. எட்டுப் பேரும் தண்டிக்கப்பட்டனர். ஜூலை 7 அன்று நான்கு பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் மேரி சுராட், மத்திய அரசு தூக்கிலிட்ட முதல் பெண். ஆணையத்தின் ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேர் அவருக்குக் கருணை காட்டக் கேட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரண நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் பொதுமக்களை ராணுவம் விசாரிப்பது செல்லாது என்றது. "உரிய சட்ட நடைமுறை" என்பதை அரசமைப்பில் விரிவாக்கிய மனிதர், அதற்கு ஓர் ஆண்டு முன்பு அதை நெருக்கடியின் பெயரால் சுருக்கினார். இந்த முரணை மழுப்ப வழியில்லை.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். 14-வது திருத்தம் பெண்களுக்கும் வாக்குரிமை தருகிறது என்று விக்டோரியா உட்ஹல் 1871-இல் மனு கொடுத்தார். நீதித்துறைக் குழுவின் தலைவராக இருந்த பிங்கம், அதை மறுக்கும் பெரும்பான்மை அறிக்கையை எழுதினார்.

1868-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்கும் விசாரணையில் சபையின் தரப்புக்குத் தலைமை தாங்கினார். பதவி நீக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்பதால், செனட்டில் 35-19 என்று ஒரே வாக்கு குறைந்து தீர்மானம் தோற்றது. 1872-இல் கிரெடிட் மொபிலியர் என்ற ரயில்பாதை நிறுவனத்தின் பங்குகள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் போன ஊழல் வெடித்தபோது, அவர் பெயரும் அதில் இருந்தது. அந்த ஆண்டு கட்சி அவரை மறுபடி வேட்பாளராக நிறுத்தவில்லை.

## உயிரோடு இருக்கும்போதே செத்த வாக்கியம்

1873-இல் அதிபர் கிராண்ட் அவரை ஜப்பானுக்குத் தூதராக அனுப்பினார். 1885 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். மேலை நாடுகள் ஜப்பான் மீது திணித்திருந்த சமமற்ற ஒப்பந்தங்களைத் தளர்த்த வேண்டும் என்று பேசிய சில மேலைநாட்டுத் தூதர்களில் அவர் ஒருவர். மேலைநாட்டுக் கப்பல்களோடு நடந்த ஷிமோனோசெகி மோதலுக்காக ஜப்பானிடம் வாங்கிய இழப்பீட்டில் தன் பங்கான சுமார் 7,85,000 டாலரை அமெரிக்கா 1883-இல் திருப்பித் தந்ததும் அவர் அங்கே இருந்த காலத்தில்தான்.

அவர் அங்கே போன ஆண்டிலேயே அமெரிக்காவில் அவர் வாக்கியத்தின் முதல் பகுதி முடக்கப்பட்டது. நியூ ஆர்லியன்ஸ் கசாப்புக்காரர்கள் தொடுத்த வழக்கில், 1873 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் "குடிமக்களின் தனியுரிமைகள்" என்பதை மிகக் குறுகலாகப் பொருள்கொண்டது. அந்தச் சொற்களின் மையப் பொருள் முதல் எட்டுத் திருத்தங்களில் உள்ள உரிமைகளே என்று பிங்கம் 1871-இல் சபையில் விளக்கியிருந்தார். அது கணக்கில் வரவில்லை. 1876-இல் குரூக்ஷாங் வழக்கில், லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பின மக்களைக் கொன்று குவித்தவர்கள் மீதான மத்திய அரசின் வழக்கு விழுந்தது. 1896-இல் பிளெஸ்ஸி வழக்கு, இனவாரியாகத் தனி ரயில்பெட்டி வைப்பது சமத்துவத்துக்கு எதிரானது இல்லை என்றது. பிங்கம் 1900 மார்ச் 19 அன்று கேடிஸில் இறந்தபோது, அவர் எழுதியதில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டுமே இருந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1886-இல் யிக் வோ என்ற சீனச் சலவைத் தொழிலாளியின் வழக்கில், சான் பிரான்சிஸ்கோ நகராட்சி சீனர்களுக்கு மட்டும் சலவைக்கடை அனுமதி மறுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. யிக் வோ குடிமகன் இல்லை. "எந்த நபருக்கும்" என்ற சொற்கள் அவரைக் காத்தன.

## திரும்ப எழுந்தது, இந்தியாவுக்கும் வந்தது

20-ஆம் நூற்றாண்டில் நீதிமன்றம் வேறு வழியாக பிங்கமின் நோக்கத்தை நோக்கிப் போனது. முடக்கப்பட்ட தனியுரிமைப் பகுதியை விட்டுவிட்டு, சட்ட நடைமுறைப் பகுதியின் மூலம் உரிமைகளை ஒவ்வொன்றாக மாநிலங்கள் மீது ஏற்றியது. 1925-இல் பேச்சுரிமை, 1963-இல் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கும் வழக்கறிஞர், 2010-இல் துப்பாக்கி உரிமை என்று பட்டியல் நீண்டது. 1947-இல் நீதிபதி ஹியூகோ பிளாக், முதல் பிரிவுக்கு பிங்கமே மேடிசன் என்று எழுதினார். அரசமைப்புக்கு ஜேம்ஸ் மேடிசன் எப்படியோ, அப்படி என்று பொருள். சமப் பாதுகாப்புப் பகுதி 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை வீழ்த்தியது.

இந்திய அரசமைப்பின் 14-வது பிரிவு, எந்த நபருக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்தையோ சட்டங்களின் சமமான பாதுகாப்பையோ அரசு மறுக்கக் கூடாது என்கிறது. பின்பாதி பிங்கமின் சொற்களே. "நபர்" என்பதும் அப்படியே வந்திருக்கிறது. அதனால்தான் இந்தியாவில் இருக்கும் வெளிநாட்டவருக்கும் இந்தப் பிரிவு பொருந்துகிறது. ஆனால் "உரிய சட்ட நடைமுறை" வரவில்லை. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்டரைச் சந்தித்த பிறகு, 21-வது பிரிவில் "சட்டம் வகுத்த நடைமுறை" என்ற குறுகலான சொற்கள் இடம்பெற்றன. சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் 1950-இல் தொடுத்த வழக்கு இந்தக் குறுகலால்தான் பெரும்பாலும் தோற்றது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவை விரித்தது.

## இன்றைய வழக்கில் எது முடிவாகும், எது ஆகாது?

1. வழக்கின் கேள்வி முதல் வாக்கியம் மட்டுமே. 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில், சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் குடிமகன் என்று 6-2 எனத் தீர்ப்பானது. அந்தப் பெற்றோர் அமெரிக்காவிலேயே நிலையாக வாழ்ந்தவர்கள், எனவே தற்காலிக விசாக்காரர்களுக்கு அது பொருந்தாது என்பது அரசின் வாதம். அந்தத் தீர்ப்பு மண்ணில் பிறப்பதையே அடிப்படையாகக் கொண்ட பழைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் மேல் நிற்கிறது, அதில் தற்காலிகம், நிரந்தரம் என்ற பிரிவினையே இல்லை என்பது எதிர்வாதம். ஆவணங்களைப் படித்தவரை எதிர்வாதமே வலுவானதாக எனக்குப் படுகிறது.
2. இரண்டாவது வாக்கியம் இந்த வழக்கால் மாறாது. 1982-இல் பிளைலர் வழக்கில், அனுமதி இல்லாமல் குடியேறியவர்களின் குழந்தைகளுக்கு டெக்சஸ் மாநிலம் இலவசப் பள்ளிக்கல்வியை மறுத்தது செல்லாது என்று 5-4 எனத் தீர்ப்பானது. குடிமக்களாக இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தைகள் நபர்கள் என்பதே அதன் அடிப்படை.
3. அதே சமயம் "நபர்" என்ற நிலை எல்லாவற்றையும் தந்துவிடாது. குடியுரிமை இல்லாத குழந்தைக்கு அமெரிக்கக் கடவுச்சீட்டு கிடையாது, வளர்ந்தபின் வாக்கு கிடையாது, நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்பு கிடையாது. ஹெச்1பி பெற்றோரின் குழந்தை என்றால் பெற்றோரின் விசாவைச் சார்ந்த அனுமதியில் இருக்க வேண்டிவரும். 21 வயதானதும் அந்தச் சார்பு அனுமதி முடிந்துவிடும். இந்தியாவில் பிறந்து சிறுவயதில் பெற்றோரோடு அங்கே போன பிள்ளைகள் இந்த நிலையில் இப்போதே இருக்கிறார்கள்.